மரத்துக்குள் இருந்த எண்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. காட்டு மரங்களைப் பற்றிய தகவல்களை நாடுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளப் புதிதாக ஒரு கணினி ஏற்பாடு வந்திருக்கிறதாம். ஆப்பிரிக்காவில் ஒரு வனக்காவலர் கைப்பேசியில் படம் எடுத்துப் போட்டால், எண்ணூர்த் துறைமுகத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நம் ஆள் உடனே பார்க்கலாம். நம் ஆள் போடுவதை இன்னும் பல நாடுகளில் பார்க்கலாம். அதன் தொடக்க விழாவில், ஓய்வு பெற்றவர்களில் ஒருத்தி என்ற முறையில் நான் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றார்கள்.

பேசினேன். நல்ல ஏற்பாடு, எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை, இளைஞர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கடைசியில், புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கேஸ் எது?" என்று கேட்டாள். "எல்லாமே கஷ்டம்தாம்மா" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். திரும்பி வரும்போது ரயிலில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் உண்மையாகத்தான் கேட்டாள், நான்தான் நழுவிவிட்டேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். சிலருடைய பெயரை மாற்றியிருக்கிறேன். இதில் வரும் வெளிநாட்டின் பெயரை எழுதவில்லை.

எங்கள் அலுவலகம் பெரியது இல்லை. கண்டெய்னர் யார்டுகள் இருக்கும் சாலையில் இரண்டு அறை, ஒரு பரிசோதனை மேசை, தூசி படிந்த அலமாரி நிறைய மரத்துண்டுகள். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் மரம் எந்த இனம், அதை வெட்ட அனுமதி உண்டா, கூட வந்திருக்கும் அனுமதிச் சீட்டு உண்மையானதா என்று பார்ப்பது வேலை. கட்டையின் முனையைப் பிளேடால் மெல்லச் சீவி, ஈரப்படுத்தி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்ப்பேன். உள்ளே நுண்துளைகள் சிதறிக் கிடக்கும். சில மரங்களில் தனித்தனியாக, சிலவற்றில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து, சிலவற்றில் மெல்லிய கோடுகளுக்கு நடுவே. அதை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாம். வேறு மரத்தின் பெயரைப் போட்டு விலை உயர்ந்த மரத்தை இறக்குபவர்களை அப்படித்தான் பிடிப்போம்.

ஆனால் அது எந்தக் காட்டில் நின்ற மரம் என்று லென்ஸ் சொல்லாது. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் அனுமதியோடு வெட்டியதும், அந்தப் பக்கம் பாதுகாக்கப்பட்ட மழைக்காட்டுக்குள் புகுந்து வெட்டியதும் லென்ஸுக்கு ஒரே மரம்தான். அதைச் சொல்ல அந்த நாட்டில், அந்தக் காட்டைத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அப்படி எனக்கு வாய்த்தவர் எமில்.

பல நாட்டுப் பணியாளர்களைக் கூட்டி வைத்து ஒரு பயிற்சி நடந்தது. அங்கேதான் அவரைப் பார்த்தேன். பயிற்சியில் என்ன கற்றேன் என்பது பாதி மறந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் எமில் உட்கார்ந்திருந்தது மறக்கவில்லை. என் வயதுதான் இருக்கும். பெரிய உடம்பு, மெல்லிய குரல். பிரெஞ்சு பேசும் நாடு அவருடையது, அங்கே வனத்துறையில் வேலை. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு அதைவிடச் சற்று அதிகம். மீதியைக் கைப்பேசி மொழிபெயர்த்துக் கொடுத்தது.

"உங்கள் ஊரில் காடு உண்டா?" என்று ஒரு நாள் கேட்டார்.

எங்கள் ஊர் புதுவாயல். என் அப்பா காலத்தில் ஊரைச் சுற்றி நெல் வயல், அதில் அவர் கூலி. பிறகு வயல் இருந்த இடமெல்லாம் கம்பெனி ஆனது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் ஏரிக்கரையின் படம் கைப்பேசியில் இருந்தது. காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மரியாதையாக, "பச்சையாக இருக்கிறது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு பல வருடம் நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. செய்தி மட்டும் போய் வரும். சந்தேகமான சீட்டின் படத்தை அனுப்புவேன். அவர் விசாரித்து, உண்மை என்றோ பொய் என்றோ சொல்வார். அதன் பிறகு முறைப்படி கடிதம் போகும். ஒரு முறை அவர் முன்கூட்டியே சொன்னதால் ஒரு கப்பல் சரக்கை இங்கே இறக்க விடாமல் திருப்பி அனுப்பினோம். அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். சில வாரம் கழித்து எமில் ஒரு படம் அனுப்பினார். அவர்கள் துறைமுகத்தின் ஒரு மூலையில் அந்தக் கட்டைகள் மழையில் குவிந்து கிடந்தன. கீழே எழுதியிருந்தார்: "திரும்பி வந்துவிட்டன. ஆனால் இவற்றை மறுபடி நிற்க வைக்க எங்களுக்குத் தெரியவில்லை."

எங்கள் அலுவலகத்துக்குத் தலைவர் ஜெயபாலன் சார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் பெயர் சொல்லி விரட்டியதும் இல்லை. ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் எந்தச் செய்தியும் அவரைத் தாண்டாமல் போகாது. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடிதத்தை முதலில் தன் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பார். எழுத்துப் பிழை, பெயர்ப் பிழை எல்லாம் அங்கே பார்த்துவிடுவார். பிறகு எழுந்து மேசையைச் சுற்றி வந்து, எதிரில் விருந்தாளிகளுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி படிப்பார். அப்போது அவர் அதிகாரி இல்லை, மரத்தைக் கடத்தியவர். இந்தக் கடிதம் என் கையில் கிடைத்தால் எனக்கு என்ன தெரிய வரும் என்று பார்ப்பாராம்.

"நாம அனுப்பறது யார் கைக்குப் போகணும்னு நாம முடிவு பண்றோம். யார் கைக்குப் போகும்னு நமக்குத் தெரியாதும்மா" என்பார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் முகமே மாறிவிடும். கண்ணைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படிப்பார். சில சமயம் ஒரே ஒரு சொல்லை அடிப்பார். 'நேற்று' என்று எழுதியிருப்போம், அதை அடித்துவிடுவார். நேற்று யார் யார் அந்த இடத்தில் இருந்தார்கள் என்று யோசித்தால் தகவல் சொன்னவரைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? இப்படி அவர் அடித்த சொற்களால் எத்தனையோ பேர் நிம்மதியாக இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கே அது தெரிந்திருக்காது.

இனி என் தம்பி அந்தோணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவனும் அவன் குடும்பமும் பக்கத்து வீடு. சாப்பாடு அங்கேதான். அவனுக்குப் புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு மர மில்லில் வேலை. கட்டைகளை அறுக்கும் பேண்ட் சா இயந்திரத்தை ஓட்டுவான். அந்த மில்லுக்கும் வெளிநாட்டு மரம் வரும். அதனால் அந்த மில்லின் கண்டெய்னர் எதையும் நான் பார்க்க மாட்டேன் என்று அவன் அங்கே சேர்ந்ததுமே எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறொருவர் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தோணி சரியாகச் சாப்பிடவில்லை.

"இன்னாடா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் கீது. மில்லுல பேஜாருக்கா. பிளேடு ஒடிஞ்சிட்ச்சி. முதலாளி என்னியப் புடிச்சிக் கத்திக்கினு கீறாரு. நான் இன்னா பண்ணுவேன்? கட்டைக்குள்ள ஆணி கீதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

"ஆணியா? மேல தெரியலயா?"

"மேல ஒண்ணியும் தெரியலக்கா. வழவழன்னு கீது. உள்ள போய் கீது ஆணி. அதுகூட ஒரு தகடு வேற. மரமே முழுங்கிக்கினு கீது."

கையைக் கழுவிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். கட்டைவிரல் அகல அலுமினியத் தகடு. ஒரு ஓரத்தைப் பிளேடு கிழித்திருந்தது. நடுவில் எண் பொறித்திருந்தது. எழுத்து ஒன்று, அதன் பின்னால் இலக்கங்கள்.

 அது என்னவென்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. மழைக்காடுகளை ஆராய்பவர்கள் காட்டுக்குள் ஒரு பகுதியைக் குறித்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு மரத்திலும் எண் போட்ட தகட்டை ஆணி அடித்து வைப்பார்கள். வருடக்கணக்கில் வந்து அளப்பார்கள். யாரும் வராமல் போனால், மரம் பருத்து வளர்ந்து தகட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். மரத்தை வெட்டியவர்கள் முனைகளை அறுத்து, பட்டையை உரித்து, எல்லா அடையாளத்தையும் அழித்திருக்கிறார்கள். உள்ளே இருந்த இது அவர்களுக்குத் தெரியவில்லை.

"இத எங்கிட்ட குடுக்கறியா?"

"எதுக்குக்கா?" என்றான். என் முகத்தைப் பார்த்தான். "இன்னா, திருட்டு மரமா?"

"தெரியல. கேட்டுப் பாக்கறேன்."

"என் பேரு வராதில்ல?"

"வராது" என்றேன். அவன் தகட்டை என் கையில் வைத்துவிட்டு, மறுபடி சோறு போடச் சொல்லி உட்கார்ந்தான்.

மறுநாள் காலை கவரப்பேட்டையில் ரயில் ஏறி அத்திப்பட்டு வரைக்கும் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. ஜெயபாலன் சாரிடம் தகட்டைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த லோடு எமில் நாட்டுலேர்ந்துதான் வந்திருக்கு. முதல்ல அவர்கிட்ட கடிதம் இல்லாம கேளும்மா. எண்ணை மட்டும் சொல்லு" என்றார்.

எமிலுக்கு எண்ணை அனுப்பினேன். கூடவே, "இதைக் கண்டெடுத்தவர் எனக்கு மிகவும் வேண்டியவர். தகட்டைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம்" என்றும் எழுதினேன். "புரிகிறது" என்று பதில் வந்தது.

சில நாள் அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. பிறகு படங்கள் வந்தன. பாதுகாக்கப்பட்ட காட்டின் நடுவே, வண்டிப் பாதையே இல்லாத இடத்தில், ஒரு மேடு முழுக்க வெட்டப்பட்ட அடிமரங்கள். சுற்றிலும் மரங்கள் இருட்டாக நிற்க, அந்த இடத்தில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. ஒரு படத்தில் எமிலின் பூட்ஸ் கால் தெரிந்தது, அடிமரத்தின் அகலத்தைக் காட்டுவதற்காக வைத்திருக்கிறார். அதன் பிறகு குரல் செய்தி. ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னார்: "ஸ்டெல்லா, இந்த ஆணிகளை அடித்தவர்களில் நானும் ஒருவன். அப்போது நான் இளைஞன். ஆராய்ச்சி செய்ய வந்தவர்களுக்குச் சுமை தூக்கப் போயிருந்தேன். உங்கள் எண்ணுக்குரிய மரத்தை எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அந்த மேடு ஞாபகம் இருக்கிறது. நாங்கள் அங்கே மதியம் சாப்பிடுவோம்." கடைசியில், "அடிமரங்களிலிருந்து சிறு துண்டுகள் வெட்டி எடுத்திருக்கிறேன். உங்களுக்கு அனுப்புகிறேன். உங்களிடம் இருக்கும் கட்டைகளோடு ஒப்பிடுங்கள்" என்றார்.

இனி முறைப்படி கடிதம் அனுப்ப வேண்டும். அந்த நாட்டு வனத்துறைத் தலைமை அலுவலகத்துக்குத்தான் அனுப்ப முடியும், எமிலுக்கு அனுப்ப முடியாது. நான் எழுதினேன். மில்லில் அறுத்த கட்டைக்குள்ளிருந்து இந்த எண்ணுள்ள தகடு கிடைத்தது, இது உங்கள் பாதுகாக்கப்பட்ட காட்டின் ஆய்வுப் பகுதியைச் சேர்ந்தது எனத் தெரிகிறது, அனுமதிச் சீட்டில் வேறு இடம் குறிப்பிடப்பட்டிருக்கிறது, விசாரித்துச் சொல்லவும்.

ஜெயபாலன் சார் தன் நாற்காலியில் படித்தார். தலையை ஆட்டினார். எழுந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். விரலை வைத்துப் படித்தார்.

"தகடு கிடைச்சுதா?" என்று மில் முதலாளியின் குரலில் கேட்டார். "எங்க கிடைச்சுது? மரத்துக்குள்ள. மரத்தை அறுத்தது யாரு?"

விரலை அந்த வரியிலிருந்து எடுக்காமல் தொடர்ந்தார்.

"அன்னைக்கு மெஷின்ல நின்னது யாரு? பிளேடு உடைஞ்சது எப்போ? ஒரு நிமிஷம் போதும்மா அவனுக்கு."

தகட்டைப் பற்றிய வரிகளை முழுவதும் அடித்தார். அங்கே, 'எங்களுக்குக் கிடைத்த நம்பகமான தகவலின்படி' என்று எழுதினார். மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். இப்போது எதுவும் பிடிபடவில்லை. எனக்கு மனம் லேசானது. தம்பிக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. கடிதம் போனது. தகட்டை உறையிலிட்டு அவரே அலமாரியில் பூட்டினார்.

இங்கே மில்லில் சோதனை நடந்தது, அதற்கு நான் போகவில்லை. அறுக்காமல் மீதமிருந்த கட்டைகளை வெளியே எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். முதலாளி மில்லையே மூடிவிட்டார். அந்தோணிக்கு வேலை போனது. சிப்காட் தொழிற்பேட்டைக்குள் இரும்பு உருக்கும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகப் போனான். மாலையில் வரும்போது முகம் கருகியிருக்கும். அவன் என்னை எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை.

எமில் அனுப்புவதாகச் சொன்ன மரத்துண்டுகள் வரவில்லை. தபால் தாமதம் என்று நினைத்தேன். செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டபோது ஒரே வரியில் பதில் வந்தது: 'குறிப்பிட்ட அலுவலர் தற்போது பணியில் இல்லை.'

"மாத்தியிருப்பாங்க" என்றார் ஜெயபாலன் சார். ஆனால் அவர் அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் எமிலின் எண்ணுக்கு நேராகக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கப் போகும்போது ஒரு பெண் எடுத்தார்.

"எமில்?" என்றேன்.

 பிறகு அந்தப் பெண், "எமில்" என்றார். கேள்வியாக இல்லை, சும்மா பெயரைச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "இந்தியா" என்றேன்.

"இந்தியா?"

"ஆமாம், இந்தியா. ஸ்டெல்லா."

அதன் பிறகு அவர் பேசத் தொடங்கினார். அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. ஒரே குரலில், நிறுத்தாமல், நீண்ட நேரம் பேசினார். இடையிடையே எமில் என்ற பெயர் வந்தது. இரண்டு மூன்று இடத்தில் இந்தியா என்று வந்தது. எனக்கு வேறு ஒரு சொல்லும் புரியவில்லை. கைப்பேசியை மொழிபெயர்க்க வைக்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை. கேட்டுக்கொண்டே நின்றேன். பேசி முடித்துவிட்டு, என் பதிலுக்காக அவர் சற்று நேரம் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோது அந்த எண் வேலை செய்யவில்லை.

அவர் என்னைத் திட்டினாரா, நடந்ததைச் சொன்னாரா, எதையாவது கேட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடந்தது என்னவென்று பயிற்சியில் எங்களோடு இருந்த பக்கத்து நாட்டுப் பெண் அதிகாரி ஒருவர் மூலம் தெரிந்தது. எங்கள் கடிதம் போனதும், இந்தியாவுக்கு இதைச் சொன்னது யார் என்று அங்கே தேடியிருக்கிறார்கள். தலைமை அலுவலகத்திலேயே மரக்காரர்களுக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். அந்த மேட்டுக்குச் சமீபத்தில் போனவர் எமில் ஒருவர்தான். படம் எடுத்தவரும் அவர்தான். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு முதலில் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்களாம். அவர் வாயைத் திறக்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதன் பிறகு சில வாரத்தில், மோட்டார் சைக்கிளில் போகும்போது மரம் ஏற்றிய லாரி மோதி இறந்துபோனார். விபத்து என்று பதிவாகியிருக்கிறது. அங்கே அதை யாரும் நம்பவில்லை என்றும், தொலைபேசியில் என்னிடம் பேசியது எமிலின் மனைவியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார் அந்த அதிகாரி.

முதலில் சொன்னது இந்தியாதான், ஒரு மில்லில் தகடு கிடைத்திருக்கிறது, அதனால்தான் போய்ப் பார்த்தேன் என்று எமில் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. சொல்லியிருந்தால் அவரை விட்டிருப்பார்களா, தெரியாது. அவர் சொல்லவில்லை. பேச வேண்டாம் என்று நான் கேட்டிருந்தேன், புரிகிறது என்று அவர் பதில் எழுதியிருந்தார்.

ஜெயபாலன் சாரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எதிரே இருந்த அந்த நாற்காலியையே பார்த்தார்.

"அதுல உட்கார்ந்து படிச்சேன் இல்லம்மா. இங்க இருக்கற முதலாளி மாதிரிதான் படிச்சேன். அங்க இருக்கறவன் மாதிரி படிக்கல."

"நாம விதிப்படிதான் சார் செஞ்சோம்."

"ஆமா" என்றார். "விதிப்படிதான்."

மில் முதலாளி நீதிமன்றத்துக்குப் போனார். அனுமதிச் சீட்டோடு, வரி கட்டி வாங்கிய மரத்தை எதற்குப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். எமில் அனுப்பிய படங்கள் எங்களிடம் இருந்தன. ஆனால் ஏதோ ஒரு காட்டில் மரம் வெட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அவை காட்டும். அந்த மரம்தான் இந்த மரம் என்று இணைப்பதற்கு இருந்தது தகடு ஒன்றுதான். தகட்டை வெளியே எடுத்தால், அதைக் கண்டெடுத்தவர் வந்து சொல்ல வேண்டும்.

"உன் தம்பிகிட்ட கேட்டுப் பாரும்மா. கட்டாயப்படுத்தாத" என்றார் சார்.

அந்தோணி அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எமில் யார் என்று சொன்னேன். எப்படி இறந்தார் என்று சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அவருக்குப் புள்ளைங்க கீதா?"

"தெரியல. பொண்டாட்டி இருக்காங்க. பேசினேன்."

"என் பேரு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கு வேண்டியவருன்னு மட்டும் தெரியும். அத அவரு யாருகிட்டயும் சொல்லல."

அவன் கையிலிருந்த பூட்ஸைக் கீழே வைத்தான். "கோர்ட்டுல வந்து நான் சொல்லணும்னு கேக்குற. அப்டித்தான?"

"ஆமா."

"யக்கா, அவரு கெவர்மெண்ட்டு ஆளு. காக்கி போட்டவரு. அவரையே அவங்க ஊர்ல வுடல. என்னிய இங்க வுடுவாங்களா? சரி, சாவடிக்க மாட்டாங்கன்னே வெச்சிக்க. இந்த ரோட்டுல எந்த மில்லுல எனக்கு வேலை குடுப்பான்? இன்னும் எத்தினி நாளு அந்த நெருப்புல நிக்கறது?"

அவன் கழற்றிய பூட்ஸை எடுத்துச் சுவரோரம் வைத்தேன்.

"அவருக்காக மனசு அடிச்சிக்குது. நெஜமாவே அடிச்சிக்குது. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

"ஒண்ணும் பண்ண வேணாம்" என்றேன். உண்மையில் அதைத்தான் நானும் நினைத்தேன். என் தம்பியை அந்தக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஜெயபாலன் சாரிடம், அவன் வரமாட்டான் என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் முடித்து வைத்தது ஒரு கடிதம். அந்த நாட்டின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. விசாரித்துவிட்டோம், அனுமதிச் சீட்டு உண்மையானது, மரம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே முறைப்படி வெட்டப்பட்டது என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். நாடுகள் தகவல் பரிமாறிக்கொள்ள அப்போதிருந்த ஏற்பாட்டின்படி, மரம் புறப்பட்ட நாடு சொல்வதுதான் முடிவு. அதற்கு மேல் நாங்கள் பேச முடியாது. மரத்தை விடுவிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முடிந்த கேஸ் பற்றிய குறிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன். 'இரு நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு திருப்திகரமாக இருந்தது' என்று ஒரு வரி எல்லாக் குறிப்பிலும் வரும், அச்சிட்ட வாசகம். அதை எடுத்துவிடலாமா என்று சாரைக் கேட்டேன். "எடுத்தா ஏன்னு கேப்பாங்க. இருக்கட்டும்" என்றார். அந்த வருடமே அவர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பிறகு வந்த யாரும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படித்ததில்லை. அலமாரியில் பூட்டிய உறை என்ன ஆனது என்றும் தெரியவில்லை.

மில் மறுபடி திறந்தது. முதலாளி பழைய ஆட்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தோணி இரும்புக் கம்பெனியை விட்டுவிட்டு பேண்ட் சாவுக்குத் திரும்பினான். முதல் வேலையே அந்தக் கட்டைகள்தான். மழையிலும் வெயிலிலும் கிடந்து மேலே கறுத்திருந்தனவாம். அறுத்தால் உள்ளே அப்படியே இருந்தனவாம். இதை அவன் சொல்லவில்லை, அவனோடு வேலை செய்பவர் ஒருவர் கடையில் பார்த்தபோது சொன்னார்.

கட்டைகள் தீர்ந்த அன்று மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. வாசற்படியில் நின்றான்.

"அந்த லோடு முடிஞ்சிட்ச்சிக்கா. எல்லாத்தியும் அறுத்தாச்சு."

"சரிடா."

"நீ கேப்பன்னு தெரியும். அதான் நானே சொல்லிட்டேன்." ஒரு படி கீழே இறங்கினான். "இனிமே மில்லுல இன்னா மரம் வருது, எங்கேர்ந்து வருது, உள்ள இன்னா கீது, எதுவும் எங்கிட்ட கேக்காதக்கா. நானும் சொல்ல மாட்டேன்."

"உள்ள ஏதாவது கெடச்சுதா அந்தோணி?"

"கேக்காதன்னு சொன்னேன் இல்ல?" என்றான். கோபமாக இல்லை, கெஞ்சுவதுபோல் சொன்னான். அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

இன்னும் அந்த மில்லில்தான் வேலை செய்கிறான். நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். வேலைக்குப் போய்விட்டு வந்தால், சாப்பிட்டியா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பான். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பான். நன்றாக இருக்கிறது என்பேன்.